சித்தப்பா நடக்க எவ்வளவு மின்சாரம்

மார்ச் 3

வணக்கம்.

எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. அண்ணி என்று எழுதி, அடித்து, வேறு தாள் எடுத்தேன். அதனால் வணக்கமே போதும். எழுதுவது யார் என்று கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், உங்கள் முன்னாள் கணவரின் தங்கை.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அண்ணனுடைய சான்றிதழ்களைப் போன மாதம் திருப்பி அனுப்பினீர்களே, அந்த உறையின் பின்பக்கம் இருந்தது. போன் எண்ணை மாற்றிவிட்டீர்கள். நான் ஒன்றும் உருகி உருகி அழைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையைக் காலி செய்கிறார்கள். அங்கே இருக்கிற பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போவதாக அம்மா சொன்னாள். மூன்று வருடமாக நான் அதன் பக்கமே போகவில்லை. இருந்தாலும் எடைக்கு என்றதும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அந்தக் கல் அடுக்கும் விளையாட்டில் நாம் இரண்டு பேரும் கட்டிய உலகம் அதற்குள்தானே இருக்கிறது. நான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். அதற்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அங்கேதான் சிக்கல். விளையாட்டில் கம்ப்யூட்டர்களையும் ரோபோக்களையும் சேர்க்கிற நம்முடைய அந்த மோட் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது. பழைய செட்டிங்ஸ் ஃபைலை அது ஏற்றுக்கொள்ளாது. எதற்கு எவ்வளவு மின்சாரம் என்று ஒவ்வொரு வரியாக மறுபடி எழுத வேண்டும். ரோபோ ஓர் அடி நடக்க எவ்வளவு, திரும்ப எவ்வளவு, வெட்ட எவ்வளவு. கம்ப்யூட்டர் வேலை செய்ய எவ்வளவு, சும்மா இருக்க எவ்வளவு, திரை எரிய எவ்வளவு. அந்த எண்களை எல்லாம் போட்டது நீங்கள். பழைய ஃபைலைத் திறந்தால் கம்ப்யூட்டர் வரிகள் அப்படியே இருக்கின்றன. ரோபோவின் வரிகளில் மட்டும் வரிசையாகப் பூஜ்யம்.

போவதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டுப் போன வேலை அதுதான் என்று இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் வந்து பார்த்தது விளைவை மட்டும். அண்ணன் மேல் கோபம் என்றால் அண்ணனிடம் காட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன்?

எனக்குப் பழைய எண்கள் வேண்டும். ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தொல்லை
(நீங்கள் வைத்த பெயர்தான். உங்களுக்கு வேறு எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது?)


மார்ச் 14

அன்புள்ள தொல்லைக்கு,

நலம் விசாரிக்காதே என்கிறாய். சரி, விசாரிக்கவில்லை. ஆனால் நான் நலம். ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பழம், காய்கறி, மருந்துப் பெட்டிகள். கம்ப்ரஸர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கவனிப்பதும், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அரட்டை அடிக்கும் லாரிக்காரர்களைத் திட்டுவதும் என் பொறுப்பு. திட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் இதையே ஓசியில் செய்தேன் என்று உன் அம்மா சொல்வார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எண்கள் கேட்பது புரிகிறது. கோபம் புரியவில்லை. பூஜ்யம் போட்டது நான்தான், இல்லை என்று சொல்லவில்லையே. உனக்காகத்தானே போட்டேன்? அன்றைக்கு வந்து அப்படி என்ன பார்த்தாய்? மென்று முழுங்காமல் எழுது.

எண்களுக்கு வருவோம். எண்ணாகக் கேட்டால் எனக்கு நினைவு வருவதில்லை. எதற்காகப் போட்டேன் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் எண் வந்துவிடுகிறது. ரோபோ ஓர் அடி நடக்கப் பதினைந்து. அது நிச்சயம்.

மோடோடு வந்த எண் அதைவிட ரொம்பக் குறைவு. ரோபோ பொழுதெல்லாம் நடந்தது, நீயும் பொழுதெல்லாம் நாற்காலியை விட்டு எழவில்லை. கீழேயிருந்து உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றி, கடைசியில், "அவளைக் கெடுக்கிறதே நீதான்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் மாடிக்கு வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் பேட்டரி தீரும்படி நடையின் செலவை ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து அது நாலு அடி நடந்தால் நிற்கும். "எங்க சித்தப்பா மாதிரியே உஸ்ஸுன்னு உக்காந்துடுச்சு அண்ணி" என்று நீ அதற்குச் சித்தப்பா என்றே பெயர் வைத்தாய். அது நின்றதும் நீயாகவே எழுந்து சாப்பிட வந்தாய். மோடில்தான் ஏதோ கோளாறு என்று கடைசிவரை நம்பினாய். நானும் சொல்லவில்லை.

மற்றவை நினைவு வர வர எழுதுகிறேன். மாடி அறையை எதற்குக் காலி செய்கிறீர்கள்?

இப்படிக்கு,
கிடங்குக்காரி
(எனக்கும் உன் கஷ்டம்தான்.)


மார்ச் 23

வணக்கம்.

மென்று முழுங்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் போனபோது நான் கடைசித் தேர்வுக்கு வெளியூர் போயிருந்தேன். (பாஸாகிவிட்டேன். இப்போது ஒரு லேபில் பல் செட் செய்கிறேன். தினமும் ஊரார் பல்லில்தான் விழிக்கிறேன்.) திரும்பி வந்தால் வாசலிலேயே அம்மா, "அவ போயிட்டா" என்றாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை. நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஓடினேன். எனக்கென்று நீங்கள் ஏதாவது எழுதி வைத்திருப்பீர்கள், அதுவும் நம் உலகத்துக்குள்தான் எங்கேயாவது ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

உள்ளே போனால் நம் வீடு இல்லை. சரியாகச் சொன்னால் கீழ்வீடு இல்லை. அந்த விளையாட்டில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் மேலே இருப்பது விழாதில்லையா, மாடி மட்டும் அந்தரத்தில் நின்றது. படிக்கட்டின் மேல்பாதி காற்றில் தொங்கியது. தோட்டம், வேலி, சார்ஜ் ஏற்றும் மேடை எல்லாம் போய், கண்ணுக்கு எட்டிய வரை மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளம். தூரத்தில் சித்தப்பா நாம் கட்டிய கிணற்றுச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த வீட்டைக் கட்ட நமக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. நிஜ வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இல்லை என்று அங்கே சமையலறைக்கு மூன்று ஜன்னல் வைத்தீர்கள். "மூணு பக்கமும் காத்து வரட்டும்டி" என்றீர்கள். காற்றே இல்லாத விளையாட்டில். அந்த ஜன்னல்கள் போய்விட்டன.

அம்மா எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். "அதுக்கா இப்படி அழுவ?" என்றாள்.

நீங்கள் போனது எனக்குப் புரிந்தது. அண்ணன் ஊர் ஊராகப் பொருள் விற்கப் போவார், வந்தால் பேசமாட்டார். நான் அந்த வீட்டிலேயே பிறந்தவள், எனக்குத் தெரியாதா? ஆனால் போகிற போக்கில் நம்முடையதையும் வெட்டிப் போட்டுவிட்டுப் போனதுதான் எனக்கு இன்று வரை செரிக்கவில்லை. இப்போது உனக்காகத்தான் செய்தேன் என்கிறீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மாதிரி இருக்கிறது.

தொல்லை


ஏப்ரல் 2

என் தொல்லையே,

உன் கடிதத்தை வேலை நேரத்தில் கம்ப்ரஸர் அறையில் நின்று படித்தேன். மாடி அந்தரத்தில் நின்றது என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். கோபப்படாதே. அடுத்த வரியில் உட்கார இடம் தேடினேன்.

அந்த வெட்டும் புரோகிராமை எழுதியது யார் என்று நினைவிருக்கிறதா? நீதான். உன் முதல் புரோகிராம். சதுரமாகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் சதுரம் ஓர் அடி பெரிதாக வேண்டும், எதிரில் எது வந்தாலும் வெட்ட வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும்? அதை நீ எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற தேவை நமக்கு வந்ததே இல்லை. வீட்டுச் சுவருக்கு எவ்வளவோ முன்னால் மலையடிவாரத்திலேயே சித்தப்பா மூச்சு வாங்கி நின்றுவிடும். யாராவது போய்த் தூக்கி வந்து சார்ஜில் வைப்போம், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பேட்டரி தீர்ந்துபோவதைத்தான் நாம் நிறுத்தமாக வைத்திருந்தோம். நான் பூஜ்யம் போட்டபோது அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். இன்று உன் கடிதத்தைப் படிக்கும் வரை இது என் புத்திக்கு எட்டவில்லை.

எதற்குப் போட்டேன் என்று கேட்கிறாய். அன்று காலை பெட்டி கட்டி முடித்தாயிற்று, வண்டி வர நேரம் இருந்தது. உன் அண்ணன் வழக்கம்போல வெளியூர். உன் அப்பா எழுந்ததுமே எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார். உன் அம்மா சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போனேன். சித்தப்பா காட்டோரத்தில் பேட்டரி தீர்ந்து நின்றது. தூக்கி வந்து சார்ஜில் வைத்தேன். நாளைக்கு யார் வைப்பார்கள் என்று தோன்றியது. நீ தேர்வு, வேலை என்று போய்விடுவாய். மத்தியான வேளைகளில் அதைத் தேடிப் போய்த் தூக்கி வந்ததெல்லாம் நான்தானே? நீ சோர்ந்து போய் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அது எங்கேயோ மூலையில் நின்றுகொண்டிருந்தால் உனக்கு எப்படி இருக்கும்? இனிமேல் யாரையும் எதிர்பார்க்காமல் நடக்கட்டும் என்று ஒவ்வொரு வரியாகப் பூஜ்யம் போட்டேன். புரோகிராமை ஓடவிட்டு, "போயிட்டு வரேன் சித்தப்பா" என்று திரையிடம் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொல்லிக்கொண்டு கிளம்பியது அதனிடம் மட்டும்தான்.

மூன்று வருடமாக அது உனக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். கிடங்கில் ஆளில்லாத மத்தியானங்களில் அதை நினைத்துக்கொள்வேன். என் பங்குக்கு அங்கே ஏதோ ஒன்று நடமாடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு திருப்தி.

திரும்பும் செலவு இரண்டரை. அதை ஏன் குறைத்தேன் என்று உனக்கே தெரியும். உனக்கு இடது பக்கம் திரும்பச் சொல்லித் தரவே முடியவில்லை. இடது பக்கம் போக வேண்டுமென்றால் மூன்று முறை வலது பக்கம் திருப்புவாய். அதற்கெல்லாம் முழு விலை வைத்தால் சித்தப்பா வாசலைக் கூடத் தாண்டாது.

அறையை எதற்குக் காலி செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன்.

அண்ணி
(பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்க மனமில்லை.)


ஏப்ரல் 9

அண்ணி,

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒரு தடவை பார்த்தால் போதாது என்று மூன்று தடவை பார்த்தேன். நிறுத்து என்று எங்கேயும் இல்லை. பள்ளத்தைத் தோண்டியது என் புரோகிராம்தான். நீங்கள் போட்ட பூஜ்யம் அதற்கு வழி விட்டது, அவ்வளவுதான். மூன்று வருடம் உங்களை மனசுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறேன், அண்ணி. பல் செட்டுக்கு மெழுகு உருக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். எத்தனை பேர் வாயில் என் கோபம் உட்கார்ந்திருக்கிறதோ.

இடது பக்கம் இன்னமும் வரவில்லை. லேபில் கீழ்த்தாடை இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கத்துக்குச் செய்து வைத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வாரம் முழுக்க எனக்கு அந்த மாடி அறை ஞாபகம்தான். ஒரே நாற்காலி. நீங்கள் கவிழ்த்த வாளியில் உட்காருவீர்கள், "மருமகளுக்கு வாளி, மகளுக்கு நாற்காலி" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஈரத்துணி கொடியில் தொங்கும், அதிலிருந்து சோப்பு வாசனை வரும். அப்பா படியேறி வந்து, "ஆளில்லாத ரூமுக்கு எதுக்குடா வெளிச்சம்" என்று, நாம் இரண்டு பேரும் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவார். நாம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்போம். அவர் பெயரால்தான் நீங்கள் திரை எரியும் செலவை அப்படி ஏற்றி வைத்தீர்கள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மாமனார் வரி" என்றீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்தது அந்த அறையில்தான். அப்போது அது தெரியவில்லை.

சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கான செலவை ஏன் அவ்வளவு வைத்தீர்கள் என்பதுதான் புரியவில்லை. மோடில் அதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும் செலவில் முக்கால் பங்கு வைத்திருக்கிறீர்கள்.

அறையைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொல்லாமல் தள்ளிப்போட்டுவிட்டேன். அண்ணனுக்குக் கல்யாணம். அடுத்த மாதக் கடைசியில். வெள்ளையடித்து, அலமாரி மாற்றி, அந்த அறையை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அண்ணி.

தொல்லை


ஏப்ரல் 21

தொல்லைக்கு,

நல்ல செய்தி. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. பேசத் தெரியாதவர். இப்போதாவது கற்றுக்கொண்டிருந்தால் வருகிறவள் பிழைத்துக்கொள்வாள். பொறாமை இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அவருக்காக இல்லை, அந்த அறைக்காக.

மீதி எண்கள்: வெட்டப் பத்து. பொருளை எடுத்து வைக்க ஐந்து. காத்திருக்க ஒன்று.

சும்மா இருக்கும் செலவு கேட்டாய். வாளியில் உட்கார்ந்து சிரித்த பொழுதுகள் உனக்கு நினைவிருக்கின்றன. நீ வகுப்புக்குப் போய்விட்ட பிறகு நான் என்ன செய்தேன் என்று நீ பார்த்ததில்லை. சமையல் உன் அம்மாவுடையது, கை வைக்கக்கூடாது. கணக்கு வழக்கு உன் அப்பாவுடையது. வேலைக்குப் போகிறேன் என்றேன், "இங்க உனக்கு என்ன குறை? சும்மா இருக்கலாமே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். சாயங்காலம் நீ வரும்போது நான் அசந்துபோய்க் கிடப்பேன், "என்ன அண்ணி, சும்மாதானே இருந்தீங்க?" என்பாய். ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஃபைலைத் திறந்து அந்த எண்ணை ஏற்றினேன். உன் மேல் கோபம் இல்லை. எங்கேயாவது ஓர் இடத்திலாவது சரியாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

இனி எழுத வேண்டாம், கண்ணா. புதிதாக ஒருத்தி வாழ வருகிறாள். அவள் வந்த வீட்டுத் தபாலில் என் கையெழுத்து வந்து விழக்கூடாது. நீ அவளுக்கு நல்ல நாத்தனாராக இரு. எண்கள் எல்லாம் உன்னிடம் வந்துவிட்டன. நமக்குள் பாக்கி ஒன்றும் இல்லை.

நலமாக இரு.


மே 8

அண்ணி,

எழுத வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்பேன் என்று நீங்களே நம்பியிருக்கமாட்டீர்கள். வீட்டு முகவரிதானே பிரச்சினை? இனிமேல் லேப் முகவரிக்குப் போடுங்கள், உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பல் டாக்டர்களின் கடிதங்களோடு சேர்ந்து வரும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"சும்மாதானே இருந்தீங்க" என்று நான் கேட்டது எனக்கு நினைவே இல்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

உலகத்தை மாற்றிவிட்டேன். வெளியிலிருந்தும் உள்ளே வரும்படி என் கம்ப்யூட்டரிலேயே சர்வர் ஓடுகிறது. உங்கள் எண்களை ஒன்று விடாமல் போட்டேன். புரோகிராமில் நிறுத்தும் வரியும் சேர்த்துவிட்டேன். சித்தப்பாவைத் தட்டி எழுப்பினேன். நாலு அடி நடந்தது, மூன்று முறை வலது பக்கம் திரும்பியது, மலையடிவாரத்தில் உஸ்ஸென்று நின்றது. நான் மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா, "மறுபடியும் கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்றாள்.

பள்ளத்தை மூடவில்லை. மாடியும் அந்தரத்தில்தான் நிற்கிறது. நான் மட்டும் தனியாகக் கட்டி எழுப்பினால் அது யாருடைய வீடு? சர்வர் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பாக்கி ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. அண்ணன்தான் உங்களை விட்டுக் கொடுத்தார். நான் எப்போது விட்டுக் கொடுத்தேன்? என்னை யாரும் கேட்கவே இல்லையே!

தொல்லை


ஜூன் 18

அண்ணி,

பதில் இல்லை. பரவாயில்லை. சர்வரிலும் யாரும் வரவில்லை, தினமும் பார்க்கிறேன்.

கல்யாணம் முடிந்தது. அவர்கள் மாடி அறைக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் ஒரு வாரம் இருந்துவிட்டு வெளியூர் கிளம்பிவிட்டார். உங்களிடம் நல்லவளாகப் பெயர் வாங்குவதற்காகச் சொல்லவில்லை, அவளோடு ஒட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பாடு ஆனதும் என் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அவளோடு சிரித்துப் பேசினால் உங்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினாள். "உள்ள வரலாமா? கீழ எனக்கு ஒண்ணும் வேலை இல்ல" என்றாள். அண்ணி, அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் அப்படி ஒரு களைப்பு. உங்கள் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தேன்.

திரையில் செட்டிங்ஸ் ஃபைல் திறந்திருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "நடக்கிறதுக்கு இவ்வளவு, திரும்புறதுக்கு இவ்வளவுதானா? யார் போட்டது?" என்று கேட்டாள். தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. "எனக்கும் சொல்லித் தருவியா?" என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சமாளித்து அனுப்பிவிட்டேன்.

சொல்லிக் கொடுக்கட்டுமா, அண்ணி? அது நம் இரண்டு பேருடையது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஏதாவது ஒன்று எழுதுங்கள். மறுபடி பதில் வராவிட்டால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

தொல்லை


ஜூன் 26

தொல்லைக்கு,

இதை என்னிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் அவளைக் காக்க வைத்தாயா? உனக்கு அறிவிருக்கிறதா?

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கூப்பிட்டு உட்கார வை. நடையின் செலவை அவளுக்காகக் குறைத்துவிடாதே. சித்தப்பா நின்றால்தான் நீங்கள் இரண்டு பேரும் எழுந்து சாப்பிடுவீர்கள். உன் அம்மா அவளை ஏதாவது சொன்னால் அவள் வாய் திறக்கும் முன் நீ திற. எனக்கு அதை யாரும் செய்யவில்லை. நீ அப்போது சின்னப் பெண், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது நீ சின்னப் பெண் இல்லை.

எண்களைப் போட்டது யார் என்று அவள் மறுபடி கேட்டால் உண்மையைச் சொல். அவள் தாங்கிக்கொள்வாள். மறைத்தால்தான் பின்னால் ஆயிரம் யோசிப்பாள்.

பள்ளத்தை அவளையும் வைத்துக்கொண்டு மூடு. யாருடைய வீடு என்று கேட்டாய். இருக்கிறவர்களுடைய வீடு. நான் வரமாட்டேன். மூன்று வருடம் கஷ்டப்பட்டு வெளியே வந்திருக்கிறேன், விளையாட்டுக்குக் கூட அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


ஜூலை 15

தொல்லை,

வரமாட்டேன் என்று எழுதியவள் ஏன் மறுபடி எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. துணி துவைத்தேன், அலமாரி அடுக்கினேன், அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். அதற்குமேல் முடியவில்லை. அதே விளையாட்டை ஆடுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினேன். பழைய பெயரில் வர மனம் வரவில்லை. புதிதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவதாகத்தான் எண்ணம்.

பள்ளத்தில் பாதி மூடியிருந்தது. மாடிக்குக் கீழே இரண்டு சுவர் எழும்பியிருந்தது. நீ இல்லை. அவள் மட்டும் தனியாக நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. அடுக்கிய கல்லை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டில் நானும் ஆறு மாதம் எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்தேன்.

நான் திரும்பிப் போவதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். நான் யார், எப்படி வந்தேன் என்று ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த ரொட்டியில் பாதியை என் காலடியில் போட்டாள், அந்த விளையாட்டில் கொடுப்பது அப்படித்தானே. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்: "புதுசா வந்திருக்கீங்களா? வாங்க. முதல்ல ஒண்ணும் புரியாது, பயமா இருக்கும். நான் கூட இருக்கேன்."

தொல்லை, நான் அந்த வீட்டு வாசலில் முதன்முதலாகப் பெட்டியோடு வந்து நின்ற நாளிலிருந்து இதை யாராவது என்னிடம் சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்தேன். சொல்ல வேண்டியவள் நான், அவளுக்கு. அவள் எனக்குச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக் கூடத்தில், அந்தப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்க, உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆமாம், புதுசுதான் என்று அடித்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளில் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ஒரு மணி நேரம் என்று கேட்டு வாங்கியதையும் மறந்து, இருட்டும் வரை இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது சுவரைப் பாதி எழுப்பினோம். அடுத்த ஞாயிறும் வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் இரு.

அண்ணி